அபிதான சிந்தாமணி முதல் 'தொகு' பொத்தான் வரை



நம்மில் பலர் படித்த காலத்தில் ஒரு சந்தேகம் வந்தால், நூலகத்துக்குப் போய்க் கனமான கலைக்களஞ்சியத் தொகுதியைத் தூக்கி வைத்துப் புரட்ட வேண்டும். அதை எழுதியவர்கள் பெரிய அறிஞர்கள், நாம் வெறும் வாசகர்கள். இன்றைய மாணவர் கைப்பேசியில் விக்கிப்பீடியாவைத் திறக்கிறார். அந்தப் பக்கத்திலேயே 'தொகு' என்றொரு பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் வாசகரே எழுத்தாளர்! இந்த நிலை எப்படி வந்தது, இதில் நமக்கு என்ன வேலை என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

தமிழில் இந்த முயற்சி பழையது. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902-இல் 'அபிதான கோசம்' வெளியிட்டார். சென்னையில் ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராகப் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்தது 'அபிதான சிந்தாமணி'. எழுதி முடித்தும் அச்சிட ஆதரவு கிடைக்காமல் கிடந்த அந்த நூல், பாண்டித்துரைத் தேவரின் துணையால் 1910-இல் வெளிவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தி.சு. அவினாசிலிங்கம் முன்னின்று நடத்திய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது.

2001 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா பிறந்தது. தமிழ்ப் பதிப்பு 2003-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் இதற்கு அடித்தளம் போட்டார். சிங்காரவேலு முதலியாரின் உழைப்பே வேறு வடிவில் திரும்பி வந்தது என்றால் மிகையாகாது. பலரும் கை கொடுக்க, 2017 மே மாதத்தில் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

மாணவர்களை இதில் சேர்க்கும் முயற்சியும் நடந்தது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழகக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். 2017-இல் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது.

ஆனால் 2011-இல் புனேயில் நடந்ததையும் நாம் மறக்கக்கூடாது. அங்கே சில கல்லூரிகளில் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுவதைப் பாடத்தோடு சேர்த்தார்கள். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்கள்; சொல்லித்தர அனுபவசாலிகளோ மிகக் குறைவு. பலர் புத்தகத்திலும் இணையத்திலும் இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினார்கள். பதிப்புரிமை மீறிய பகுதிகளைக் கண்டுபிடித்து நீக்குவதே தன்னார்வலர்களுக்குப் பெரும் பாடாகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பரிலேயே திட்டத்தை நிறுத்தினார்கள். மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன? பார்த்து எழுதுவதையே பரீட்சைப் படிப்பு என்று பழக்கிவிட்டு, திடீரென்று "சொந்த நடையில் எழுது" என்றால் எப்படி வரும்?

ஆக, பொத்தானை அழுத்தச் சொல்லித்தரப் பத்து நிமிடம் போதும். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழக்குவதுதான் நிஜமான பயிற்சி. நம்ம ஊரிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஆவடி என்ற பெயர் ராணுவ வாகனக் கிடங்கின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்து வந்தது என்று டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை எல்லோரும் சொல்வார்கள். "அண்ணா, இதை அப்படியே போட்டுடலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டால் நாம் உடனே தலையாட்டக்கூடாது. கனரக வாகனத் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா டாங்கி உருவானது 1965-இல். சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேறிய ஆவடி காங்கிரஸ் மாநாடோ 1955 ஜனவரியில் நடந்தது. அப்படியானால் டாங்கித் தொழிற்சாலை வந்து ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. "இல்லை, அதற்கு முந்தைய ராணுவக் கிடங்கு" என்று ஒருவர் வாதாடினால், அதைவிடப் பழைய நிலப்படத்தையும் ரயில்வே ஆவணத்தையும் தேடிப் போக வேண்டும். இப்படித் தேடிப் போகும் மாணவர்தான் தொகுக்கக் கற்றுக்கொண்டவர்.

செய்முறை எளிது. முதலில் 'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகட்டும். இரண்டு நூல்களைப் படித்து, மூடி வைத்துவிட்டுத் தன் வார்த்தையில் எழுதட்டும். ஒவ்வொரு செய்திக்கும் சான்று கொடுக்கட்டும். யாராவது மாற்றினால் கோபப்படாமல் உரையாடல் பக்கத்தில் பேசட்டும். முதல் நாளே முழுக் கட்டுரை வேண்டாம். சான்றில்லாத ஒரு வரிக்குச் சான்று தேடித் தந்தாலே பெரிய காரியம். அம்பத்தூர் தொழிற்பேட்டை, சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில், திருக்கச்சி நம்பிகளின் பூவிருந்தவல்லி என்று நம்மைச் சுற்றி விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமது நினைவை மட்டும் விக்கிப்பீடியா சான்றாக ஏற்காது. ஆனால் பரண் மேல் கிடக்கும் பழைய நாளிதழ், தல வரலாற்று நூல், தொழிற்சாலையின் வெள்ளிவிழா மலர் போன்றவை மாணவர்களுக்குப் புதையல். நீங்களே எடுத்த பழைய புகைப்படங்களைப் பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கலாம். மாதம் ஒரு சனிக்கிழமை கல்லூரிக் கணினிக்கூடத்துக்கு வந்து, ஐந்து மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். புனேயில் இல்லாமல் போனது அந்தப் பக்கத்து நாற்காலிதான்.

வாங்க, நம்ம ஊரை நாமே எழுதுவோம், சரியாக எழுதுவோம்.