நிறுத்தும் குரல்: தென்சென்னையில் அறப்போரின் வரலாறு, 1919–1952

முன்னுரை

சென்னைக் கதீட்ரல் சாலையில் ராஜாஜி குடியிருந்த பங்களாவும், மயிலாப்பூர் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் புலுசு சாம்பமூர்த்தியின் 126ஆம் எண் வீடும் நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தவை. முதல் வீட்டில், 1919 மார்ச்சில், நாடு தழுவிய கடையடைப்பு என்ற எண்ணம் காந்தியடிகளுக்கு உதித்தது. இரண்டாம் வீட்டில், 1952 டிசம்பர் 15 இரவு, 58 நாள் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர் நீத்தார். முன்னது எதிர்த்தது அந்நிய அரசை. பின்னது நாமே தேர்ந்தெடுத்த அரசை. இரண்டுமே அகிம்சை வழிப் போராட்டங்கள்தாம். இரண்டின் தொடர்ச்சியாகவும் ரத்தம் சிந்தியது.

அகிம்சைப் போராட்டம் எந்த நிலையில் அகிம்சையாகவே நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஈடுபடுவோரின் மனத்தூய்மையைப் பொறுத்தது என்பது வழக்கமான விடை. தென்சென்னையோடு தொடர்புடைய நான்கு நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ‘போதும், நிறுத்துங்கள்’ என்று சொல்லத் தகுதியுள்ள ஒருவரும், அவர் சொல்லைக் கடைசித் தொண்டர்வரை கொண்டுசேர்க்கும் அமைப்பும் இருந்தனவா என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

சட்டத்துக்குள் நின்ற அரசியல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாப்பூர் அரசியல் என்றால் வக்கீல்களின் அரசியல். வி. கிருஷ்ணசுவாமி ஐயர், பி. எஸ். சிவசாமி ஐயர் முதலியோரைக் கொண்ட மயிலாப்பூர் அணியும், ‘இந்து’ நாளிதழின் கஸ்தூரிரங்க ஐயங்கார் சார்ந்த எழும்பூர் அணியும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டாலும், விண்ணப்பம், தீர்மானம், சட்டமன்றப் பேச்சு என்ற எல்லையை இரு அணியுமே பெரும்பாலும் தாண்டவில்லை. இந்த வட்டத்திலிருந்து எழுந்த துணிச்சலான செயல் ஒன்று உண்டு. ‘மணி ஐயர்’ என்று அறியப்பட்ட எஸ். சுப்பிரமணிய ஐயர் 1918இல் தம் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். பட்டம் துறப்பது ஒத்துழையாமை இயக்கத்தின் திட்டமாக ஆவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே நடந்தது இது.

அடையாற்றில் அன்னி பெசன்ட் இன்னும் வேகமாகச் சென்றார். 1916இல் சுயாட்சி இயக்கம், 1917இல் உதகையில் காவல், அவ்வாண்டு இறுதியிலேயே கல்கத்தா காங்கிரசின் தலைமை. ஆனாலும் சட்டத்தை மீறுவது என்ற கட்டம் வந்தபோது அவர் நின்றுவிட்டார். ரௌலட் சட்டத்தை எதிர்த்த சத்தியாகிரக உறுதிமொழி, அந்தச் சட்டத்தை மட்டுமின்றி, ஒரு குழு தீர்மானிக்கும் வேறு சட்டங்களையும் மீறச் சொன்னது. எந்தச் சட்டத்தை மீறலாம் என்று முடிவுசெய்யும் பொறுப்பைத் தனிமனிதரின் மனச்சாட்சியிடமிருந்து எடுத்து ஒரு குழுவிடம் ஒப்படைப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. கல்லெறியும் கூட்டத்தின்மீது படையினர் சுடுவதை ஆதரிப்பதுபோல் பின்னர் அவர் எழுதியது அவருடைய செல்வாக்கையே சரித்துவிட்டது. அதனால் அவருடைய முதல் ஆட்சேபமும் சேர்ந்து மறக்கப்பட்டது. ஆனால் கட்டளையிடும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்வியை முதலில் எழுப்பியவர் அவர்தான்.

1919: எழுதப்படாத கையேடு

காந்தி 1919 மார்ச் 18 அன்று சென்னை வந்தார். தம்மை உபசரிப்பவர் கஸ்தூரிரங்க ஐயங்கார் என்றே முதலில் எண்ணியிருந்தார்; உண்மையில் ராஜாஜியின் விருந்தினராக இருப்பதை மகாதேவ் தேசாய் சொன்ன பிறகே அறிந்ததாகத் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். சேலத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்த ராஜாஜி, பின்னாலிருந்து எல்லா ஏற்பாடுகளையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

அங்கே தலைவர்கள் சிலர் கூடிய ஆலோசனையில் சேலம் விஜயராகவாச்சாரியார் ஒரு யோசனை சொன்னார்: சத்தியாகிரகத்தின் நுட்பங்களையெல்லாம், சிறு விவரமும் விடாமல் தொகுத்து ஒரு கையேடு எழுத வேண்டும். அது தம் சக்திக்கு அப்பாற்பட்டது என்று காந்தி ஒப்புக்கொண்டார். கையேடு எழுதப்படவில்லை. அதற்குள் ரௌலட் மசோதா சட்டமாகிவிட்ட செய்தி வந்தது. அன்றிரவு அதையே நினைத்தபடி படுத்த காந்திக்கு, விடியற்காலையில் உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடைப்பட்ட நிலையில் ஒரு வழி புலப்பட்டது. ஒருநாள் நாடு முழுவதும் தொழிலை நிறுத்தி, உண்ணாநோன்பிருந்து, பிரார்த்தனை செய்வது. அதை முதலில் கேட்டவர் ராஜாஜி.

மார்ச் 30 என்று முதலில் குறித்த நாள், பிறகு ஏப்ரல் 6க்கு மாற்றப்பட்டது. சென்னையில் அந்த நாள் கடையடைப்போடும் கடற்கரைக் கூட்டத்தோடும் அமைதியாகக் கழிந்தது. மாற்றப்பட்ட செய்தி உரிய நேரத்தில் எட்டாத டெல்லியில் மார்ச் 30 அன்றே கடையடைப்பு நடந்து துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. அகமதாபாத்திலும் பஞ்சாபிலும் கூட்டம் கட்டுமீறியது. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. ஏப்ரல் 18 அன்று காந்தி சட்டமறுப்பை நிறுத்தினார். பயிற்சி பெறாத மக்களைச் சட்டமறுப்பில் இறக்கியது இமயமலை அளவு பிழை என்று தம்மீதே குற்றம் சுமத்திக்கொண்டார். விஜயராகவாச்சாரியார் கேட்ட கையேட்டின் முதல் விதி இப்படித்தான் கிடைத்தது: தொடங்கியவருக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும்.

1930–32: கட்டளைச் சங்கிலி

பதினோரு ஆண்டுகள் கழித்து அந்தப் பாடம் செயலுக்கு வந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்ட உப்பு நடைப்பயணத்துக்கு ஏறக்குறைய நூறு தொண்டர்களை ராஜாஜி தேர்ந்தெடுத்து அழைத்துச் சென்றார். அடி விழுந்தாலும் திருப்பி அடிக்காத படை அது.

சென்னையில் நிலைமை வேறு. டி. பிரகாசமும், மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த அமிர்தாஞ்சன் நிறுவனர் கே. நாகேஸ்வரராவும் உதயவனத்தில் முகாம் அமைத்து உப்பு எடுக்க முனைந்து கைதாயினர். நகரில் கடையடைப்பு நடந்தது. ஏப்ரல் 27 அன்று திருவல்லிக்கேணியில் கூட்டத்துக்கும் போலீசுக்கும் மூன்று மணி நேரம் மோதல் நீடித்தது, மூவர் இறந்தனர். வேதாரண்யத்தில் திரண்டவர்கள் பொறுக்கியெடுத்த தொண்டர்கள். திருவல்லிக்கேணியில் திரண்டவர்கள் தலைவர்களைச் சிறைக்குப் பறிகொடுத்த பொதுமக்கள்.

1932இல் காங்கிரஸ் இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தது. ஒருவர் கைதானால் அடுத்தவர் உடனே பொறுப்பேற்கும் வகையில் ‘சர்வாதிகாரி’கள் வரிசையாக நியமிக்கப்பட்டனர். அப்படிப் பொறுப்பேற்றவர்களில் ஒருவர் எஸ். அம்புஜம்மாள். காங்கிரசின் முன்னாள் தலைவர் எஸ். சீனிவாச ஐயங்காரின் மகள். லஸ் சர்ச் சாலையில் காந்தி வந்து தங்கிய அம்ஜத் பாக் மாளிகையின் பெண். செல்வ வீட்டுப் பெண்மணி அந்நியத் துணிக்கடை முன் மறியல் செய்து சிறை சென்றது அன்றைய மயிலாப்பூருக்கு அதிர்ச்சி. 1948இல் தந்தையின் பெயரையும் காந்தியின் பெயரையும் இணைத்து தேனாம்பேட்டையில் அவர் நிறுவிய சீனிவாச காந்தி நிலையம், அந்தப் பயிற்சியின் நீட்சி.

1938: கைமாறிய கருவி

1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். மறு ஆண்டு ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கும் ஆணை வந்தது. எதிர்ப்பாளர்கள் கையில் எடுத்தவை எல்லாம் காங்கிரஸ் கற்றுக்கொடுத்தவையே: பள்ளி வாயில் மறியல், பிரதமரின் வீட்டு முன் மறியல், உண்ணாவிரதம், விரும்பிச் சிறை செல்லுதல். ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து தமிழர் படை நடந்தே புறப்பட்டு, செப்டம்பர் 11 அன்று சென்னைக் கடற்கரையை அடைந்தது. புறப்பட்ட ஊரும் வேதாரண்யப் படையின் ஊரே. தொண்டர் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே நூறு.

அரசு பயன்படுத்தியது, காங்கிரஸ் முன்பு அடக்குமுறை என்று கண்டித்த குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தை. 1,198 பேர் கைதாகி, 1,179 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் 73 பேர் பெண்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோது இறந்தனர். இரு மரணங்களும் பெரும் ஊர்வலங்களாயின, போராட்டமோ கட்டுமீறவில்லை. பெரியாருக்குக் காந்தியத்தோடு ஆழ்ந்த முரண்பாடு இருந்தது. ஆனால் போராட்டத்தைத் தொடங்கவும் முடிக்கவும் தெரிந்த தலைமை அவரிடம் இருந்தது. 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியதும் அவர் போராட்டத்தை நிறுத்திவைத்தார். 1940 பிப்ரவரி 21 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. கருத்தில் எதிரெதிராக நின்றவர்களுக்கும் போராட்ட முறை பொதுவாகிவிட்டது.

1952: யாரும் நிறுத்தாத நோன்பு

பொட்டி ஸ்ரீராமுலு 1901இல் சென்னையில் பிறந்தவர். ரயில்வே வேலையை விட்டு சபர்மதி ஆசிரமம் சேர்ந்தவர். உப்பு சத்தியாகிரகத்தில் சிறை கண்டவர். 1946 நவம்பரில், மாகாணத்தின் எல்லாக் கோயில்களையும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கக் கோரி அவர் சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினார். காங்கிரசார் சொல்லியும் கேட்கவில்லை. அவர்கள் காந்தியிடம் போனார்கள். காந்தி சொன்னதும் நோன்பு நின்றது. 1951இல் தனி ஆந்திரம் கேட்டு ஐந்து வாரம் உண்ணாதிருந்த சுவாமி சீதாராமை வினோபாவின் வேண்டுகோள் நிறுத்தியது.

1952 அக்டோபர் 19 அன்று, அதே கோரிக்கைக்காகச் சாம்பமூர்த்தியின் வீட்டில் ஸ்ரீராமுலு நோன்பு தொடங்கியபோது காந்தி இல்லை. டெல்லியில் நேரு, சென்னையில் முதலமைச்சர் ராஜாஜி. நோன்பின் அழுத்தத்துக்குப் பணிவதில்லை என்பது அரசின் நிலை. அரசியலமைப்பு வழி திறந்திருக்கையில் சட்டமறுப்புக்கும் ஒத்துழையாமைக்கும் சத்தியாகிரகத்துக்கும் இடமில்லை என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்திருந்ததும் இந்த நிலைக்கு வலுச்சேர்த்தது. ஆனால் திறந்திருந்த அந்த வழி எங்கும் கொண்டுபோகவில்லை என்பதே ஆந்திரர்களின் குறை. சென்னை நகரம் யாருக்கு என்ற சிக்கலில் பேச்சு ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது.

ஸ்ரீராமுலு இறந்த மறுநாளிலிருந்து ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன. ரயில்கள் மறிக்கப்பட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் பலர் மடிந்தனர். டிசம்பர் 19 அன்று நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று, சென்னை நகரம் நீங்கலாக, அது பிறந்தது. நோன்பிருந்தவர் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் 58 நாள் அசையாத அரசு, நான்கு நாள் கலவரத்துக்கு அசைந்தது. நாடு அதிலிருந்து கற்ற பாடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

முடிவுரை

நான்கு நிகழ்வுகளும் சேர்ந்து காட்டுவது இது. 1919இல் நிறுத்தும் குரல் இருந்தது. அதைக் கொண்டுசேர்க்கும் அமைப்பு இல்லை. 1932இலும் 1938இலும் இரண்டும் இருந்தன. 1952இல் நோன்பாளர் ஒருவர் மட்டுமே இருந்தார். அவர் இறந்ததும் அவர் பெயரால் எழுந்த கூட்டத்துக்குக் கட்டளையிட எவரும் இல்லை. 2017 ஜனவரியில் தலைவரே இல்லாமல் ஒரு வாரம் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டம் இதற்கு மறுப்புபோல் தோன்றலாம். ஆனால் அதன் கடைசி நாளில், சட்டம் வந்துவிட்டது என்று அறிவித்துக் கூட்டத்தைக் கலைக்க அனைவரும் ஏற்கும் ஒருவர் இல்லாமல் போனது. அந்த இடத்தைப் போலீசார் நிரப்பினர். வன்முறைக்கு யார் பொறுப்பு என்று ஆராய நீதிபதி ராஜேஸ்வரன் ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று.

பழி போராடுவோரை மட்டும் சேர்வதல்ல. அமைதியாகக் கேட்பவருக்குக் காது கொடுக்காமல், கல்லெறிபவருக்கு உடனே இறங்கிவரும் அரசு, அகிம்சையைத் தன் கையாலேயே தோற்கடிக்கிறது. போராடுபவர்கள் நிறுத்தக் கற்க வேண்டும். ஆள்பவர்கள் நேரத்தில் பேசக் கற்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அறப்போர் தன் பெயரை இழந்துவிடும்.