வீதிக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே வில்

மாட்டு வண்டிகளுள் ஒருவகைக்கு வில்வண்டி என்று பெயர். அச்சுக்கும் கூட்டுக்கும் இடையில் வளைந்த உருக்குப் பட்டைகள் வைக்கப்பட்டமையால் அப்பெயர் அதற்கு வாய்த்தது. பாரவண்டியில் ஏறிச் செல்பவன் வீதியிலுள்ள கற்களை ஒவ்வொன்றாகத் தன் முதுகெலும்பால் எண்ணிக்கொண்டு போக வேண்டும். வில்வண்டியில் அமர்ந்தவனுக்கு அந்தக் கணக்கு வேண்டுவதில்லை. ஆயினும் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. மேட்டிலும் பள்ளத்திலும் வாங்கிய அதிர்ச்சியை அது விழுங்கிவிடுவதில்லை. சிறிது பொறுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மாடு இழுக்கும் வேகத்தில் அது ஊஞ்சலாட்டம் போல இன்பமாகவே இருக்கும். மணிக்கு நூறு மைல் வேகத்தில் வளைவொன்றிலே திரும்பும் மோட்டார் வண்டிக்கோ அதுவே ஆபத்தாய் முடியும்.

வார நாள்களில் அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பந்தயத் தடத்துக்கும் ஒரே வண்டியைக் கொண்டு செல்ல விரும்புவோர் இன்று பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் தம் வண்டிக்கு வாங்கிப் பூட்ட எண்ணும் பொருள்களுள் முன்னிற்பது ‘கொயில் ஓவர்’ என வழங்கும் உறுப்பு. நடுவே எண்ணெய் நிறைந்த தணிப்பான்; மெக்கானிக்குகள் ஷொக் அப்சோபர் என்று சொல்வது இதனையே. அதனைச் சுற்றி ஒரு சுருள்வில். வில்லின் அடியில், திருகுப் புரி வெட்டிய உடலின்மேல், ஏற்றவும் இறக்கவும் கூடிய ஒரு வளையம். இவ்வளவே அதன் உருவம். எத்தகைய வில்லைத் தெரிந்தெடுப்பது என்பதிலேதான் சிக்கல் தொடங்குகிறது. கடினமான வில்லே வேகமான வில் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் புதியதன்று. அதனை நம்பி வண்டி செய்தோரும், நம்பித் தோற்றோரும், தோற்றபின் தெளிந்தோரும் மோட்டார் வரலாற்றில் இருக்கின்றனர்.

வில்லின் இயல்பை முதலில் விதியாக வகுத்தவர் இங்கிலாந்து நாட்டு றொபேட் ஹூக். பிறர் தம்மை முந்திக்கொள்வர் என்னும் அச்சம் அவருக்கு என்றும் உண்டு. ஆகவே 1676 இல் தம் விதியை இலத்தீன் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராகவே வெளியிட்டார். 1678 இல்தான் அதனை அவிழ்த்துக் காட்டினார். வில் எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்கு அதன் விசையும் வளரும் என்பதே அதன் பொருள். ஒரு மடங்கு எடைக்கு ஓர் அங்குலம் அமுங்கும் வில் இருமடங்கு எடைக்கு ஈரங்குலம் அமுங்கும். பார்வைக்கு எளிய செய்திதான். பந்தய வண்டியின் வில்லைத் தெரிந்தெடுப்பவனும் இன்று இக்கணக்கிலிருந்தே தொடங்குகிறான்.

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் குதிரை வண்டி செய்த ஒபதையா எலியட், உருக்குப் பட்டைகளை அடுக்கி நீள்வட்டமாக வளைத்து வண்டிக்குப் பூட்டி உரிமைப் பத்திரம் பெற்றார். அந்த அடுக்குவில்லுக்குத் தனித் தணிப்பான் தேவைப்படவில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே ஆட்டத்தை அடக்கிற்று. எண்ணெய் பட்டால் ஒருவிதமாகவும் துருப்பிடித்தால் வேறுவிதமாகவும் நடந்துகொண்டது என்பது வேறு கதை.

மோட்டார் வண்டி பிறந்து வேகம் பெருகியதும் அந்த உராய்வு போதாமற் போயிற்று. பிரான்சு நாட்டில் துரூஃபோ என்பவர் தோல் வட்டுகளை இறுக்கி உராய வைக்கும் தணிப்பானொன்றை ஆக்கினார். உராய்வுத் தணிப்பானுக்கு ஒரு குறை இருந்தது. அசையாதிருக்கும்போது அது மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். அசையத் தொடங்கியபின் பிடி தளரும். சிறு கல்லுக்கு அசைய மறுத்துப் பெரும் பள்ளத்துக்கு இடங்கொடுத்துவிடும். வேண்டுவதோ இதற்கு நேர்மாறு. எண்ணெயைச் சிறு துளைவழியே தள்ளும் தணிப்பான்கள் வந்தபோதே இக்குறை நீங்கிற்று. எண்ணெய், மெல்லத் தள்ளினால் மெல்ல எதிர்க்கும், விரைந்து தள்ளினால் வலிந்து எதிர்க்கும். மொறிஸ் ஹூடாய் என்னும் பிரெஞ்சுக்காரரின் வழிவந்த இத்தகைய தணிப்பான்களை 1927 இன் இறுதியில் வெளியான போர்ட் ‘ஏ’ மாதிரி வண்டியே தாங்கி வந்தது.

இதற்கிடையே 1922 இல் இத்தாலியில் வின்சென்சோ லான்சியா வெளியிட்ட லம்டா வண்டியைக் குறிப்பிடாமல் விடலாகாது. அதன் முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிர்ந்த குழாய். குழாயினுள்ளே சுருள்வில்லும் எண்ணெய்த் தணிப்பும் ஒருங்கே அமைந்திருந்தன. இன்றைய கொயில் ஓவருக்கு ஒரு பாட்டனைத் தேடுவோர் அதனருகே நின்றுவிடலாம்.

ஆனால் எவ்வளவு கடினமான வில் என்ற கேள்விக்கு அப்போதும் விடை கிட்டவில்லை. அக்காலப் பந்தய வண்டிகளில் வில் இருந்தும் இல்லாதது போலவே இருந்தது. வண்டியின் சட்டமே வளைந்து வில்லின் வேலையைப் பார்த்தது. பயண வண்டிகளிலும் முன்வில் பின்வில்லினும் கடினமாகவே அமைந்தது. இவ்வழக்கத்தை ஆராய்ந்து மாற்றியவர் மொறிஸ் ஒல்லி. றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துப் பின் ஐக்கிய அமெரிக்காவின் கடிலக் நிறுவனத்துக்குச் சென்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் அவர். 1932 இல் ஒரு பெரிய வண்டியின் முன்னும் பின்னும் இடமாற்றக்கூடிய எடைகளைப் பூட்டி, வில்களையும் மாற்றி மாற்றி, ஆள்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். முன்வில் பின்வில்லினும் மென்மையாக இருக்கும்போது பயணம் சமனாகின்றது என்று கண்டார். காரணம் எளிது. மேடு முதலில் முன்சில்லைத் தூக்குகிறது. சற்றுப் பிந்தியே பின்சில்லைத் தூக்குகிறது. பின்புறம் சிறிது விரைந்து அலையுமாயின் அது முன்புறத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி குதிரைபோல் தலையாட்டாமல் முழுவதும் ஒருங்கே எழுந்து தணியும். முன்வில்லை அவ்வளவு மென்மையாக்கினால் பழைய ஒற்றை அச்சு நடுங்கித் திருப்புசில்லைக் கையில் நில்லாமல் ஆட்டியது. ஆகவே முன்சில்லுகள் இரண்டும் தனித்தனியே இயங்கும் அமைப்பு 1934 ஆம் ஆண்டு வண்டிகளில் வந்தது.

பயணிகள் வண்டிக்கு மென்மை பொருந்தும், பந்தயத்துக்குப் பொருந்துமா என்று ஐயுறுவது இயல்பு. அதற்கு விடை ஜேர்மனியிலிருந்து வந்தது. 1936 இல் மெர்சிடஸ் பென்ஸ் அணி தோல்விமேல் தோல்வியுற்றுச் சில போட்டிகளிலிருந்து விலகிக்கொள்ளவும் நேர்ந்தது. அப்பொழுது முப்பது வயதினரான றூடொல்ஃப் ஊலன்ஹவுட் என்னும் பொறியியலாளர் பந்தயப் பகுதியின் தொழினுட்பப் பொறுப்பை ஏற்றார். அவர் பந்தயச் சாரதியல்லர். எனினும் பிறர் சொல்லக் கேட்டு எழுதுவதை விடுத்து, நூர்பர்க்றிங் என்னும் நீண்ட மலைத்தடத்திலே அவ்வண்டியைத் தாமே ஓட்டிப் பார்த்தார். சட்டம் முறுகுகின்றது, வில்லோ அசைய மறுக்கின்றது, சில்லுகள் நிலத்தை விட்டுத் துள்ளுகின்றன. நிலத்தை விட்ட சில்லு வளைவில் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அறுநூறு குதிரைவலு இருந்தாலும் அதனை நிலத்துக்குக் கொண்டு சேர்க்காது. 1937 ஆம் ஆண்டு வண்டிக்கு அவர் விறைத்த சட்டத்தையும், நெடுந்தூரம் ஏறியிறங்கும் மென்மையான வில்லையும், அதனை அடக்கும் வலிய எண்ணெய்த் தணிப்பானையும் கொடுத்தார். அவ்வாண்டு ஐரோப்பிய வாகையர் பட்டத்தை அவ்வண்டியிலேயே கறச்சியோலா வென்றார். அதுவரை சட்டம் நெகிழ்ந்தது, வில் விறைத்தது. அன்றுமுதல் சட்டம் விறைத்தது, வில் நெகிழ்ந்தது.

போருக்குப் பின், தணிப்பானையும் சுருள்வில்லையும் சில்லைத் திருப்பும் அச்சையும் ஒரே தூணாக ஆக்கும் முறையை ஏர்ள் மக்பேர்சன் வகுத்தார். 1950 இல் இங்கிலாந்தில் வெளியான போர்ட் கொன்சல் அத்தூணைத் தாங்கி வந்தது. சிறு வண்டிகள் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில் இன்றும் இருப்பது அதுவே. அக்காலத்தில் இலண்டனின் ஹோர்ன்ஸி பகுதியில், தம் தந்தையாரின் விடுதிக்குப் பின்னாலிருந்த பழைய குதிரைலாயத்தில் வண்டி செய்துகொண்டிருந்த இளைஞர் கொலின் சப்மன். அவருடைய லோட்டஸ் வண்டிகளை உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டலாம். வாங்கியவர் வார நாள்களில் அதில் வேலைக்குச் செல்வார். ஓய்வுநாளில் அதே வண்டியைப் பந்தயத் தடத்துக்கு ஓட்டிச் சென்று, போட்டியிட்டு, மாலையில் அதிலேயே வீடு திரும்புவார். வீதிக்கும் தடத்துக்கும் ஒரே வண்டி என்பது அவர்களுக்கு ஆடம்பரமன்று, இரண்டாவது வண்டிக்கு வசதியின்மை.

சப்மன் 1962 இல் வெளியிட்ட லோட்டஸ் இலான் 700 கிலோகிராமை எட்டாத சிறு வண்டி. அதன் வில்கள் வியக்கத்தக்க மென்மை வாய்ந்தவை. பள்ளமான கிராம வீதியிலும் சில்லுகள் நிலத்தை விடாமல் பற்றிச் சென்றன. ஆனால் 1964 முதல் பந்தயத்துக்கென்றே அதே வண்டியின் வேறொரு வடிவத்தை ஆக்கியபோது சப்மனின் நிறுவனமே வில்லைக் கடினமாக்கிற்று. முரண்போலத் தோன்றினும் முரணன்று. தடம் சமதளமானது, பந்தய ரயர் பிடி மிக்கது, பிடி மிக்க ரயர் வண்டியை வளைவில் மிகுதியாகச் சாய்க்கும், அந்தச் சாய்வை அளவுக்குள் வைக்க வில் சிறிது விறைக்க வேண்டும். எந்த ரயரோ, எந்த நிலமோ, அதற்கேற்ற வில்.

இதன்பின் நேர்ந்ததே இன்றைய குழப்பத்துக்கு ஒரு காரணம் எனலாம். 1978 இல் சப்மனின் லோட்டஸ் 79 வண்டி, அடியிலோடும் காற்றைக் கொண்டே தன்னை நிலத்தோடு அழுத்திக்கொண்டு உலக வாகையைப் பெற்றது. அத்தகைய வண்டி நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஆகவே அவ்வழி வந்தவற்றின் வில்கள் ஏறக்குறைய அசையாதனவாயின. சாரதிகளின் எலும்பு நொந்தது. காற்றின் அழுத்தத்தைத் தாங்க ஒரு சட்டம், சாரதியைத் தாங்க மென்மையான வில்லோடு மற்றொரு சட்டம் என இரட்டைச் சட்ட வண்டியொன்றைச் சப்மன் 1981 இல் கொண்டுவந்தார். நடுவர்கள் அதனைத் தடைசெய்தனர். அடுத்த ஆண்டு அவர் காலமானார். காற்றழுத்தத்துக்காக விறைத்த அவ்வில்லைக் கண்டு, காற்றழுத்தமே இல்லாத வீதி வண்டிக்கும் அதுபோல ஒன்றைப் பூட்டுவது, யானைக்குச் செய்த அங்குசத்தால் ஆட்டை ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

இனி, தெரிந்தெடுப்பவன் செய்யத்தக்க கணக்கு யாது? வண்டியின் எடை சில்லருகே வில்லை எவ்வளவு அமுக்குகிறது என்பதைக் கொண்டே அது நிமிடத்துக்கு எத்தனை முறை அலையும் என்று சொல்லிவிடலாம். 25 சென்ரிமீற்றர் அமுங்கினால் 60 முறை. 11 சென்ரிமீற்றருக்கு 90. ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்கு 120. குடும்ப வண்டி 60 முதல் 90 வரையில் அலையும். வீதிக்கும் தடத்துக்கும் பொதுவான வண்டிக்கு 100 முதல் 120 வரை தகும். 150 ஐ அணுகினால் அது தடத்துக்கே உரியது. வீதியில் பயணம் தண்டனையாகும். அலைவு இருமடங்காக வேண்டுமெனில் வில் நான்கு மடங்கு கடினமாதல் வேண்டும் என்பதும் மறக்கத்தக்கதன்று. வில்லின்மேல் பொறித்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவோர் பலர். சில்லு ஓர் அங்குலம் எழும்போது வில் 0.7 அங்குலமே அமுங்குமாறு சாய்வாகப் பூட்டப்பட்டிருந்தால், சில்லில் உணரப்படும் கடினம் அவ்வெண்ணில் பாதியளவுதான்.

வில்லை இருமடங்கு கடினமாக்கிப் பழைய தணிப்பானையே விட்டுவைப்பது மற்றொரு பிழை. திருப்பிக் கொடுக்கும் விசை கூடிவிட்டது, அதனை அடக்கும் கை கூடவில்லை, வண்டி துள்ளும். ஒரே தொகுதியாக இணைத்து விற்கப்படும் கொயில் ஓவரின் நன்மை இங்கேதான். தடத்தில் நெடுநேரம் ஓடும்போது எண்ணெய் சூடேறி நுரைத்தால் தணிப்பு மறைந்துபோகும். அதைத் தடுக்க எண்ணெயை உயர் அமுக்க வாயுவால் நெருக்கி வைக்கும் ஒற்றைக்குழாய்த் தணிப்பானைப் பிரான்சின் த கார்பொன் 1950 களில் உருவாக்கினார். தடத்துக்குச் செல்பவன் அவ்வகையை நாடுவது முறை.

உயரம் பற்றியும் ஒரு சொல். அழகுக்காக வண்டியைத் தாழ்த்துவோர் வளையத்தை இறக்கிக்கொண்டே போவர். விலை குறைந்த வகையில் அப்படி இறக்குந்தோறும் தணிப்பான் மேலே செல்ல எஞ்சியுள்ள இடம் குறைகிறது. ஈற்றில் வண்டி அதன் தலையிலுள்ள இறப்பர்த் தாங்கியின்மேலேயே உட்கார்ந்துவிடும். வளைவின் நடுவில் அந்த இறப்பர் முட்டும் கணத்தில் வில் திடீரெனக் கல்லாகிச் சில்லின் பிடி அறுந்துபோகும். அடித்தூணையே தனியாகத் திருகி உயரத்தை மாற்றும் வகையில் இந்தக் கேடு இல்லை. எவ்வகையாயினும், உயரத்தை மாற்றியபின் நான்கு சில்லுகளையும் நான்கு தராசுகளில் நிறுத்தி, எடை கோணலாக விழாமல் சரிசெய்வது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. சாரதியையோ அவனளவு எடையையோ இருக்கையில் ஏற்றி வைத்தபின்னரே அந்நிறுவை செல்லும்.

சப்மன் 1957 இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் எளிய இரட்டையிருக்கை வண்டியின் உரிமை 1973 இல் கேட்டரம் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. இங்கிலாந்தில் அதன் வழிவந்த வண்டிகள் தொடர்ந்து செய்யப்பட்டு வருகின்றன. முன்போலவே உதிரிப் பாகங்களாகவும் கிடைக்கின்றன. வாங்க வருபவன் வீதிக்கு ஏற்றதா தடத்துக்கு ஏற்றதா என்று தன் வில்லமைப்பைத் தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அவ்வண்டியை எந்த வீதியால் வீட்டுக்கு ஓட்டிச் செல்வான் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும்.