தமிழினியின் தன்வரலாறும் ஈழப் பெண் போராளி குறித்த வார்ப்புப் படிமங்களும்

முன்னுரை

புரட்சிக் காலத்தில் வளர்ந்தோரின் தன்வரலாறுகள், ஒரு சமூகத்தைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள நிலைத்த கருத்துகளை மட்டுமன்றி, அச்சமூகம் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள கருத்துகளையும் வினாவுக்கு உட்படுத்துகின்றன. 1979ஆம் ஆண்டு ஈரானியப் புரட்சியைச் சிறுமியின் பார்வையில் கூறும் மர்ஜான் சத்ராபியின் 'பெர்சபோலிஸ்' இதற்கு உலகறிந்த சான்றாகும். தமிழில் இவ்வகையில் கருதத்தக்கது தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' (2016). ஈழப் பெண் போராளி குறித்த வார்ப்புப் படிமங்களை இந்நூல் எதிர்கொள்ளும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆசிரியரும் காலமும்

சிவகாமி என்னும் இயற்பெயருடைய தமிழினி 1972இல் பிறந்து, பரந்தனில் வளர்ந்தவர். 1983 ஜூலை வன்முறையின்போது அவருக்கு வயது 11. 1991இல் மாணவியாக இருந்தபோதே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இணைந்தார். பின்னர் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளரானார். சமாதானப் பேச்சுக் காலத்தில், 2003இல் கூடிய பாலினப் பிரச்சினைகளுக்கான உபகுழுவில் புலிகள் தரப்புக்குத் தலைமை வகித்தார். 2009இல் கைதாகிச் சிறையிலும் புனர்வாழ்விலும் இருந்து 2013இல் விடுதலை பெற்றார். 2015 அக்டோபரில் புற்றுநோயால் மறைந்தார். அதன் பின்னரே நூல் வெளிவந்தது.

இரு படிமங்களும் நூலின் மறுப்பும்

முதலாவது, அகத்தே உருவான மறத்தாய்ப் படிமம். புறநானூற்றின் 278, 279ஆம் பாடல்களில் காணப்படும் வீரத்தாய், ஈழப் போர்க்காலப் பரப்புரையில் புத்துயிர் பெற்றாள். 1985இல் திண்டுக்கல் மாவட்டச் சிறுமலையில் முதல் மகளிர் அணி பயிற்சி பெற்ற பின்னர், பாரதியின் புதுமைப்பெண்ணும் அவளோடு இணைக்கப்பட்டாள். பெண்கள் ஆயுதம் ஏந்தியதாலேயே சமூகத்தின் பெண் பற்றிய பார்வை மாறிவிடவில்லை எனக் கூறும் தமிழினி, இப்படிமத்தின் அடித்தளத்தையே அசைக்கிறார். போரின் இறுதிக் கட்டத்தில் நிகழ்ந்த கட்டாய ஆட்சேர்ப்பை அவர் விமர்சிப்பதும் இதன்பாற்படும்.

இரண்டாவது, புறத்தார் வரைந்த படிமம். பெண் போராளியை மூளைச்சலவைக்கு ஆளான கருவியாகவே அது காண்கிறது. போருக்குள் வளர்ந்த மாணவி ஒருத்தி தன் காலத்தைக் கண்டு, சிந்தித்து, முடிவெடுத்ததை இந்நூல் பதிவு செய்கிறது. தம் தேர்வுக்கான பொறுப்பைப் பிறர்மீது சுமத்தாத இக்குரல், கருவியின் குரல் அன்று.

சான்றாக வாசித்தல்

நூல் வெளிவந்தபோது அதன் நம்பகத்தன்மை குறித்து ஐயங்கள் எழுந்தன. ஒரு சாரார் இதனைத் துரோகமென்றும், மறுசாரார் மனமாற்றத்தின் வாக்குமூலமென்றும் கொண்டனர். இவ்விரு வாசிப்புகளும் 'மனம் வருந்திய போராளி' என்னும் மூன்றாவது படிமத்தையே உருவாக்குகின்றன. சிறையும் புனர்வாழ்வும் கடந்தவரின் எழுத்து என்பதை வரலாற்றாய்வாளர் கருத்தில் கொள்ளல் வேண்டும். அதன் பொருட்டுச் சான்றையே தள்ளிவிடுதல் முறையன்று. போர்க்காலத்தில் எழுதப்பட்ட பிரசுரங்களுக்கும் அவற்றுக்குரிய கட்டுப்பாடுகள் இருந்தன.

முடிவுரை

போற்றுதலும் இரங்குதலும் பெண் போராளியின் சிந்தனையை மறைத்துள்ளன. ஒரே வாழ்வில் உறுதியும் ஐயமும் உடனிருந்ததைக் காட்டுவதே இத்தன்வரலாற்றின் பயன். ஈழ வரலாற்றை எழுதுவோர் பெண்களைக் குறியீடுகளாக அன்றி, தம் காலத்தை மதிப்பிட்ட சாட்சிகளாகக் கொள்ள இந்நூல் வழிவகுக்கிறது.