உந்தமும் மோதலும்

உந்தம் என்பது ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கிவரும் அளவு. திசைவேகத்திற்குத் திசை உண்டாதலின் உந்தத்திற்கும் திசை உண்டு என்பதே, பௌதிகத்தைப் புதிதாகப் பயிலும் மாணாக்கர் மனத்தில் நிறுத்தவேண்டிய முதல் விஷயம். 1687இல் வெளிவந்த நியூட்டனின் பிரின்சிபியா நூல் கூறும் மூன்றாம் விதிப்படி, மோதும் இரு பொருள்கள் ஒன்றையொன்று சம அளவில் எதிரெதிர்த் திசையில் தள்ளுவதால், ஒன்று இழந்த உந்தத்தை மற்றது பெறுகிறது. புறவிசை குறுக்கிடாதவரை மொத்த உந்தம் மாறுவதில்லை.

எப்பொருள்களைச் சேர்த்து ஓர் அமைப்பாகக் கொள்கிறோம் என்று முதலில் வரையறுத்தலே இக்கணக்குகளின் உயிர்நாடி. அதைச் செய்யாது சூத்திரத்தைத் தேடுபவர், எத்துணை கெட்டிக்காரராயினும், இடறுவர். அமைப்பை வரையறுத்தபின் ஒரு திசையை நேர்க்குறியாகக் கொண்டு, மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள மொத்த உந்தங்களைச் சமப்படுத்தினால் போதும்.

2010இன் இறுதியில் நின்றுபோய், அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஜூனில் மீண்டும் பயணி ரயிலைக் கண்ட போடிநாயக்கனூர் நிலையத்தில், 40 டன் பெட்டியொன்று விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் உருண்டுவந்து, அசையாது நிற்கும் 20 டன் பெட்டியோடு இணைந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். முன்னிருந்த உந்தம் 40,000 × 3 = 1,20,000 அலகு; இணைந்த நிறை 60,000 கிலோகிராம்; ஆகவே பொதுவேகம் விநாடிக்கு 2 மீட்டர். ஆனால் இயக்கசக்தியோ 1,80,000 ஜூலிலிருந்து 1,20,000 ஜூலாகக் குறைந்துவிடுகிறது. குறைந்த பங்கு ஓசையாகவும் வெப்பமாகவும் இணைப்புகளின் அதிர்வாகவும் மாறியது. இது மீட்சியற்ற மோதல். இயக்கசக்தியும் குறையாதிருப்பது மீட்சி மோதல். உந்தமோ இரண்டிலும் நிலைத்திருக்கும்.

மலைச்சரிவில் கணக்கு சற்று நுட்பமாகிறது. ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்கையில், புவியீர்ப்பின் ஒரு கூறு எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருப்பதால், உந்தம் மாறாது என்ற விதியை அங்கே பிரயோகிக்கலாகுமோ என்ற சந்தேகம் எழுவது இயல்பே. 2,000 கிலோகிராம் ஜீப் ஒன்று, பத்துக்கு ஒன்று என்னும் சரிவில், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறங்கி, எதிரே நிற்கும் வண்டியின்மீது மோதினால், அதன் உந்தம் 20,000 அலகு, சரிவின் வழியே ஈர்ப்பு இழுக்கும் விசை ஏறத்தாழ 2,000 நியூட்டன், மோதல் 0.1 விநாடி நீடித்தால் அவ்விசை தரும் கணத்தாக்கு 200 அலகே, அதாவது நூற்றில் ஒரு பங்கு. ஆகவே மோதும் அக்கணத்தளவில் விதி செல்லும். மோதியபின் வண்டிகள் சறுக்கிச்செல்லும் தூரத்திற்கு ஈர்ப்பும் உராய்வும் கட்டாயம் கணக்கில் சேரவேண்டும். ஒரே கணக்கை இவ்வாறு இரு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கே இவ்வதிகாரம் வசப்படும்.

அணுத்துகள்களுக்கும் இவ்விதியே. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தருகே, 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவியுடன் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மின்னூட்டமற்ற நியூட்ரினோ தன் தடத்தைப் பதிப்பதில்லை. அது இரும்பின் அணுக்கருவோடு மோதும்போது பிறக்கும் மியூவான், காந்தப்புலத்தில் வளையும். உந்தம் மிகுதியானால் வளைவு குறையும் என்பதால், தடத்தின் வளைவை அளந்தே மியூவானின் உந்தத்தைக் கணிக்கலாம். அதனோடு சிதறிய ஏனைய துகள்களின் பங்கையும் கூட்டினால், கண்ணுக்குப் புலப்படாது வந்த நியூட்ரினோவின் சக்தியையும் வந்த திசையையும் மதிப்பிடலாகும். மலைவளத்தைப் பற்றிய கவலையால் எழுந்த எதிர்ப்புகளும் வழக்குகளும் தொடர்ந்தமையால், அம்மலைக்கடியில் அமைவதாக இருந்த குகை இன்னும் தோண்டப்படவில்லை.