கோட்டாற்றுச் சந்தையில் ஒரு கலகம்

சரித்திர நாவல் எழுத வேண்டுமென்ற ஆசை வந்துவிட்டால் எழுத்தாளன் முதலில் அரண்மனையைத்தான் தேடிப் போகிறான். நானும் போனேன். பத்மநாபபுரத்துத் தூண்களையும் கூரை வேலைப்பாட்டையும் அரைநாள் பார்த்துவிட்டு, ஒரு பாத்திரம்கூடக் கிடைக்காமல் திரும்பினேன். மறுநாள் காலையில் வேறு ஏதோ காரியமாகக் கோட்டாற்றுக் கம்போளத்துக்குள் நுழைந்தபோதுதான், தேடின ஆட்கள் அத்தனை பேரும் அங்கே கூட்டமாக நிற்பது போலத் தோன்றிற்று. கருப்பட்டி வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து அடிக்கிற அந்தச் சந்துக்குள் நின்றுகொண்டு, 1809-ஆம் வருஷத்து மாசி மாதத்தை நினைத்துப் பார்த்தேன்.

அமெரிக்காக்காரர்கள் தங்கள் சுதந்திரப் போரைப் பற்றி எழுதும்போது பாஸ்டன் நகரத்து ஜனங்களை ஒவ்வொருவராக எடுத்து விசாரிப்பார்கள். துறைமுகத்துக் கூலி யார், தட்டான் யார், ராஜ விசுவாசி யார், அடிமை யார் என்று பார்ப்பார்கள். 1770 மார்ச் 5-ஆம் தேதி அந்த ஊர்த் தெருவில் ஆங்கிலச் சிப்பாய்களின் குண்டுக்கு முதலில் விழுந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க ரத்தமும் செவ்விந்திய ரத்தமும் கலந்த மனிதன். அந்தப் போரின் முடிவில், 1781-ல், யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபுதான் ஐந்து வருஷம் கழித்து நமக்கு கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். அங்கே விட்டதை இங்கே பிடித்தார்கள். அதே விசாரணையை நம்முடைய கோட்டாற்றில் நடத்திப் பார்த்தால் என்ன?

ஊர் பழையது. குலோத்துங்க சோழன் நிலைப்படை நிறுத்தின இடம். சோழர் கல்வெட்டில் மும்முடிச் சோழநல்லூர் என்று பட்டப்பெயரும் உண்டு. பாண்டி நாட்டிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் பொதிமாடுகள் மலையாளத்துக்குப் போகுமுன் இளைப்பாறின சந்தை. சுற்றிலும் பழையாறு பாய்கிற நெல்வயல். அந்த வயலுக்குச் சொந்தக்காரர்கள், பன்னிரண்டு பிடாகை என்று பிரித்துக்கொண்டு நாட்டுக் கூட்டம் கூட்டிய நாஞ்சில் வேளாளர்கள். தமிழ் பேசி, மலையாளத்து முறையில் மருமக்களுக்குச் சொத்தைக் கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள். அந்தப் பெருமூச்சைத்தான் பிற்காலத்தில் தேரூர்க் கவிமணி ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்று பாடிச் சிரிக்கவும் அழவும் வைத்தார்.

வடசேரியில் நெசவாளர், வடிவீசுவரத்தில் அக்கிரகாரம், இடலாக்குடியில் முஸ்லிம்கள், கோட்டாற்றுச் சவேரியார் கோயிலைச் சுற்றிக் கத்தோலிக்கர். அந்தக் கோயிலுக்குள்தான், 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையைப் புதைத்திருந்தார்கள். 2022-ல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். 1809-ல் அவர் மூத்தோர் நினைவில் மட்டும் இருந்த ஒரு அரசாங்க உத்தியோகஸ்தர். இவர்கள் எல்லோருக்கும் புறம்பே, பனையேறிக் கருப்பட்டி காய்ச்சிச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுவந்த நாடார்கள். அவர்களுக்கும் புறம்பே, நிலத்தோடு சேர்த்து விலைபோன அடிமைக் குடிகள். நாஞ்சில் நாட்டு நெல் முற்றத்துக்கு வந்ததே அவர்கள் கையால்தான்.

இந்த ஊருக்கு மேற்கே, இரணியலை அடுத்த தலக்குளத்தில் 1765-ல் பிறந்தவர் வேலுத்தம்பி. அவர் முதன்முதலில் பெயர் எடுத்ததே ஒரு கலகத்தில். 1799-ல், ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணச் செட்டி, மாத்துத் தரகன் என்ற மூவர் பாலராம வர்மா மகாராஜாவைச் சூழ்ந்துகொண்டு கட்டாயப் பணம் கறந்தபோது, இந்த மனிதர் தெற்கத்தி ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கே போய்விட்டார். நம்பூதிரியை நாடு கடத்தினார்கள். மற்ற இருவருக்கும் காதை அறுத்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. கவனியுங்கள்: ஒரு நம்பூதிரி, ஒரு செட்டி, ஒரு சிரியன் கிறிஸ்தவர். அக்கிரமத்துக்குக் கூட்டுச் சேர்வதில் அக்காலத்திலும் ஜாதி மத வித்தியாசம் குறுக்கே நிற்கவில்லை!

பிறகு அவரே தளவாய் ஆனார். கறார் ஆசாமி. 1804-ல் படிப்பணத்தைக் குறைக்கப் போய் நாயர் பட்டாளம் எதிர்த்து எழுந்தபோது, கும்பினியின் துணையால் அதை அடக்கினார். மறு வருஷம் அதே கும்பினியோடு உடன்படிக்கை. கப்பம் வருஷத்துக்கு எட்டு லட்சமாக உயர்ந்தது. எட்டு லட்சம் எங்கிருந்து வரும்? அரண்மனைத் தூணிலிருந்து வராது. நெல்லிலிருந்தும் மிளகிலிருந்தும் பனையேறியின் தலைவரியிலிருந்தும்தான் வர வேண்டும். பாக்கி ஏற ஏற, ரெசிடெண்டு கர்னல் மெக்காலே நெருக்கினார். அவரும் சாதாரண ஆள் அல்லர். ஹைதர் அலியிடம் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் வருஷக்கணக்காகக் கிடந்தவர். பிற்காலத்தில் நமக்கு இங்கிலீஷ் படிப்பைத் திட்டம் பண்ணிக் கொடுத்த மெக்காலேக்குப் பெரியப்பா சிற்றப்பா முறை. நண்பர்களாக இருந்தவர்கள் பகைத்தார்கள். 1809 ஜனவரி 11-ல் குண்டறையிலிருந்து தளவாயின் விளம்பரம் புறப்பட்டது.

அந்த விளம்பரம் கோட்டாற்றுக்கு வந்து சேர்ந்த அன்று சந்தையில் என்ன பேசியிருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. கும்பினியான் நாட்டைப் பிடித்தால் கோயிலுக்குள் சிலுவை நடுவான், உப்பு முதல் எல்லாவற்றையும் தன் கைக்குள் போட்டுக்கொள்வான், ஜாதி முறை கெடும் என்பது அதன் சாரம். கோயில் நிலம் உழுத வேளாளருக்கும் அக்கிரகாரத்துக்கும் இது நெஞ்சில் தைத்திருக்கும். செட்டியார் கணக்கைப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் தலையாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். வியாபாரி அப்படித்தான் பிழைக்க முடியும். ஆனால், தெருவில் மேலே துணி போட்டு நடக்க முடியாத பனையேறியின் மனைவிக்கு ஜாதி முறை கெடும் என்ற செய்தி அச்சமாகவா கேட்டிருக்கும்? வயலில் நின்ற அடிமைக்கு?

அந்தச் சமயத்தில் ஆறு மைல் தூரத்து மயிலாடியில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. மகராசன் என்ற தாழ்த்தப்பட்ட குலத்து மனிதர் சிதம்பரத்துக்குத் தல யாத்திரை போனார். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் வந்தார். அவர் அழைப்பின்பேரில் 1806-ல் ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்தவர், பிரஷ்யா தேசத்து ரிங்கல்தௌபே என்ற பாதிரியார். முரட்டு நாட்டுத் துணி, ஓலைத் தொப்பி. சம்பளம் வந்தால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிற சுபாவம். தளவாய் பயந்த சிலுவை இந்தத் தொப்பிக்கார ஆண்டியின் உருவத்தில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அதை அழைத்துவந்தவர் வெள்ளைக்காரர் அல்லர், உள்ளூர்க்காரர்.

யுத்தம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பாளையங்கோட்டைப் பக்கமிருந்து கர்னல் செயிண்ட் லெஜரின் படை வந்தது. பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு மேஜர் வெல்ஷ் ஒரு பகுதிச் சிப்பாய்களோடு ஆரல்வாய்மொழிக்குத் தெற்கேயுள்ள மலையில் இருட்டில் ஏறினார். விடிவதற்குள் கோட்டைச் சுவர் போயிற்று. இந்த வெல்ஷுக்குத்தான் முன்னொரு காலத்தில் சிவகங்கைச் சின்ன மருது வளரி எறியக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிநேகத்தை வெல்ஷ் தம் புத்தகத்தில் உருக்கமாக எழுதியிருக்கிறார். ஆனாலும் 1801-ல் மருதிருவரை வேட்டையாடின படையிலும் அவர் இருந்தார்.

பிப்ரவரி 17-ல் படை கோட்டாற்றுப் பக்கம் இறங்கிற்று. அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்கள் இருந்தார்கள், வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். இலங்கையிலிருந்து கொண்டுவந்த காப்பிரிப் பட்டாளமும் இருந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்து, கடல் கடந்து விலைபோய், கும்பினிக்காரனோடு நாஞ்சில் நாட்டு வயல் வரப்பில் நடந்த அந்த மனிதர்களில் ஒருவன் பெயர்கூட என்னிடம் இல்லை. இரண்டு நாளில் உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமல் திறந்துகொண்டன. குளச்சலில் டச்சுக்காரர் தோற்ற 1741-ல் கைதாகி, பின்பு திருவிதாங்கூருக்கே தளபதியாகி, 1777-ல் இறந்த டிலனாய் அந்த உதயகிரிக்குள்தான் தூங்குகிறார். கல்லறைக் கல்லில் ஒரு பக்கம் லத்தீன், ஒரு பக்கம் தமிழ். தாம் பழக்கின ராஜ்யத்தின் படை கலைந்து ஓடுவதை அவர் பார்க்காமல் போனது நல்லதுதான்.

மார்ச் கடைசியில் மண்ணடியில் வேலுத்தம்பி உயிரை விட்டார். பகைவர் கையில் பிடிபட மாட்டேன் என்ற பிடிவாதம் ஜெயித்தது. பிணத்தைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டதில் கும்பினியின் அற்பத்தனமும் வெளிப்பட்டது. தலக்குளத்து வீட்டை இடித்தார்கள். அவர் சொன்ன ஆரூடங்களில் ஒன்று பலித்தது: கர்னல் மன்றோ திவானாக வந்ததும் 1811-ல் கோயில் நிலங்கள் சர்க்காருக்குப் போயின. அதே மன்றோ காலத்தில், 1812-ல், அடிமை வியாபாரத்தைத் தடுத்து ராணி லட்சுமிபாயின் உத்தரவும் வந்தது. நிலத்தோடு கட்டுண்டவர்களை மட்டும் விலக்கிவிட்ட உத்தரவு! அதாவது நாஞ்சில் வயல்கள் தப்பித்துக்கொண்டன. அந்த அடிமைகள் 1855 வரை காத்திருந்தார்கள்.

மயிலாடியில் அந்த 1809-லேயே ரிங்கல்தௌபே கோயிலைக் கட்டி முடித்தார். 1816-ல் உடல் நலிந்து கப்பலேறினார்; அப்புறம் அவர் என்ன ஆனார் என்பது யாருக்கும் தெரியாது. அதே 1809-ல், கோட்டாற்றுக்குத் தென்கிழக்கே, இன்று சாமித்தோப்பு என்கிற ஊரில், ஒரு பனையேறிக் குடும்பத்தில் முத்துக்குட்டி என்ற குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் அவரை வைகுண்டர் என்றார்கள். தலைப்பாகை கட்டக் கூடாதென்று விதிக்கப்பட்டிருந்த ஜனங்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னார். தோளை மறைக்கும் உரிமைக்காக அந்த ஜனங்களின் பெண்கள் அடிபட்டு, உதைபட்டு, 1859 ஜூலையில்தான் ராஜ விளம்பரம் பெற்றார்கள்.

என் நாவல் இன்னும் எழுதப்படவில்லை. தலக்குளத்திலிருந்து தொடங்கினால் மயிலாடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மயிலாடியிலிருந்து தொடங்கினால் தூக்கில் தொங்கின அந்த உடல் கண்முன் வந்து நிற்கிறது. இதை யோசித்தபடி கம்போளத்து நடுவே நின்றிருந்த என்னை, தலையில் கருப்பட்டிப் பெட்டியோடு பின்னால் வந்தவர், “வழியில நிக்காதீங்க அண்ணாச்சி, கொஞ்சம் மாறுங்க” என்று ஒதுக்கிவிட்டுப் போனார்.