குன்னூரை வரைந்த ‘காமெடி’ கவிஞர்... எட்வர்ட் லியரைத் தெரியுமா உங்களுக்கு?

ஆந்தையும் பூனையும் ஜோடியா படகுல கிளம்பிப் போற இங்கிலீஷ் பாட்டு ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுப் பிள்ளைங்க ஸ்கூல்ல படிச்சிருக்கலாம். அதை எழுதிய எட்வர்ட் லியர், 1874-ல் நம்ம நீலகிரிக்கு வந்தவர். வந்தது பாட்டு எழுத இல்லை, படம் வரைய!

லியர் தன்னை முதலில் ஓவியர் என்றுதான் சொல்லிக்கொள்வார். அதுவும் இயற்கைக் காட்சி ஓவியர். இத்தாலியில் ஊர் ஊராகச் சுற்றியபோது, ஒரு இங்கிலாந்துக்காரர் இவரை ‘அழுக்கு நிலக்காட்சி ஓவியன்’ என்று இளக்காரமாகச் சொன்னது காதில் விழுந்தது. கோபப்படாமல் அதையே தன் பட்டப்பெயராக வைத்துக்கொண்டார் மனுஷன்.

சிரிப்புக்குப் பின்னால் கஷ்டமான கதை உண்டு. 1812-ல் லண்டனில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 21 பிள்ளைகள், இவர் இருபதாவது. அப்பாவின் தொழில் நொடித்துப்போக, அக்கா ஆன்தான் தாய்க்குத் தாயாக வளர்த்தார். சின்ன வயதிலேயே வலிப்பு நோய் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது வெளியே சொல்லக்கூடாத விஷயம். வலிப்பு வரப்போவது இவருக்கு முன்கூட்டியே தெரியுமாம். சத்தமில்லாமல் அறைக்குள் போய்விடுவார். டைரியில் மட்டும் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். கடைசிவரை அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

18 வயதில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் உட்கார்ந்து, உயிருள்ள கிளிகளைப் பார்த்தே வரைய ஆரம்பித்தார். 42 படங்கள் கொண்ட அந்தக் கிளிப் புத்தகம் 175 பிரதிகள்தான் அச்சானது. பறவை ஓவியர் என்று பெயர் கிடைத்தாலும், இறகு இறகாக வரைந்ததில் கண் பாதித்தது. தூரத்து மலைகளை வரைந்தால் கண்ணுக்கு நல்லது என்று 1837-ல் ரோம் நகருக்குப் போனார். நிலக்காட்சிப் பக்கம் அவர் திரும்பியது இப்படித்தான்.

1846-ல் விக்டோரியா ராணிக்கே 12 பாடங்கள் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அதே வருஷம்தான் அவருடைய நான்சென்ஸ் பாட்டுப் புத்தகமும் வந்தது. பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. ஓவியம் அவ்வளவாக விற்கவில்லை. ஆயில் பெயின்டிங் சரியாக வரவில்லை என்று, 37 வயதில் ராயல் அகாடமியில் மாணவராகச் சேர்ந்தார் என்றால் பாருங்களேன்!

இந்தியாவுக்கு அழைத்தவர் பழைய நண்பர், அப்போதைய வைஸ்ராய் நார்த்புரூக். 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கினார். 61 வயது, ஆஸ்துமா, மூக்குக் கண்ணாடி, கூடவே பல வருஷமாக இருந்த கிரேக்க உதவியாளர் ஜார்ஜியோ. டார்ஜிலிங்கில் கஞ்சன்ஜங்காவை வரைந்தார். பிறகு மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சி, தஞ்சாவூர், அப்புறம் குன்னூர், ஊட்டி. குன்னூருக்கு மலை ரயில் வந்ததே 1899-ல்தான். அந்த உடம்போடு ரயில் இல்லாத காலத்தில் மலையேறி வந்திருக்கிறார். ‘தோபி’ மாதிரி நம்ம ஊர் வார்த்தைகளைப் பிடித்து, வேண்டுமென்றே தப்பர்த்தத்தில் போட்டு இங்கே ஒரு கிறுக்குப் பாட்டும் எழுதினார் என்பது தனிக்கதை.

அவர் வேலை செய்யும் விதம்தான் எனக்குப் பிடித்தது. காட்சி முன்னால் உட்கார்ந்து பென்சிலால் மளமளவென்று வரைவார். கலர் அடிக்க நேரம் இருக்காது. அதனால் இங்கே பச்சை, அங்கே ஊதா என்று படத்தின் மேலேயே எழுதிவிடுவார். பாறைக்கான இங்கிலீஷ் வார்த்தையை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதும் குசும்பும் உண்டு. ஓரத்தில் ஊர், தேதி, மணி, வரிசை எண். பிறகு சாவகாசமாக மை, அதன் மேல் வாட்டர் கலர். இந்தத் தாள்களை அவர் விற்கவில்லை. பெரிய ஓவியங்களுக்கான கச்சாப் பொருள் என்று பத்திரப்படுத்தினார். அவர் மாங்குமாங்கென்று உழைத்த ஆயில் பெயின்டிங்குகளைவிட, இந்த அரைகுறைத் தாள்களில்தான் உயிர் இருக்கிறது என்பேன்.

நீலகிரிக்காரர்களுக்கு இந்த முறை ஏன் தேவைப்பட்டது என்று விளக்கவே வேண்டாம். மஞ்சூர் பக்கம் பிக்கட்டியில் நின்று பாருங்க. எதிரே தேயிலைச் சரிவு தெரியும்; போனை எடுப்பதற்குள் மூடுபனி வந்து மொத்தத்தையும் மறைச்சிடும். அடுத்த முறை போட்டோவுக்குப் பதில் ஒரு நோட்டில் நாலு கோடு போட்டு, சரிவு என்ன பச்சை, மணி என்ன என்று எழுதிப் பாருங்களேன். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘பச்சை’ என்ற ஒரே வார்த்தை போதாது என்பது அஞ்சு நிமிஷத்தில் புரிஞ்சிடும்.

1875 ஜனவரியில் லியர் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். இத்தாலியின் சான்ரெமோ ஊரில் 1888-ல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற நிலக்காட்சித் தாள்களில் மூவாயிரத்துக்கும் மேல் இப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஊர்ப் பெயர் தேடும்போது மட்டும் கவனம்: ஊட்டி அங்கே ‘ஊட்டகமண்ட்’!