ஏழையின் பசுவும் காரியஸ்தரின் பெயரும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் உண்டு என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். பகைவரின் ஆநிரையைக் கவர்வதையும் கவர்ந்ததை மீட்பதையும் போரின் தோற்றுவாயாகக் கொண்டது நமது பழைய இலக்கணம். ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் அத்திலாந்திக் கடலைப் பார்த்துக் கிடக்கும் அயர்லாந்திலும் இதே நிலைமை இருந்தது. அம்மக்களின் பழம்பெருங் காவியம் ஓர் எருதைக் கவரப் புறப்பட்ட படையின் கதையே. அவர்களது பண்டைய சட்டம் குற்றத்துக்குரிய தண்டத்தைக் கறவைப் பசுக்களின் தொகையாலே கணக்கிட்டது. பசுவுக்கு அவர்கள் மொழியில் ‘போ’ என்று பெயர். அதனடியாகப் பிறந்த ‘போஹர்’ என்னும் சொல்லே இன்றும் அங்கு தெருவைக் குறிக்கின்றது. பசு நடந்த வழியே தெருவாயிற்று.

இத்தகைய நாட்டிலேதான் ஐரோப்பாவின் மிகச் சிறிய பசுவினம் உருவாயிற்று. டெக்ஸ்ரர் என்பது அதன் பெயர். தோளுயரம் மூன்று அடி முதல் மூன்றரை அடி வரை. நிறை ஆறு அல்லது ஏழு அந்தர். பெரும்பாலும் கருநிறம், செந்நிறமும் மங்கிய கபில நிறமும் உண்டு. இவ்வளவு சிறிய உடம்பை வைத்துக்கொண்டு, நன்கு பேணினால், நாளொன்றுக்கு எட்டுப் பத்து லீற்றர் பாலும் தரும். இதன் தாயினம் தென்மேற்கு மலைப்புறத்தின் கெரிப் பசு. அதுவும் சிறியதே, ஆயினும் இதைவிடச் சற்று உயர்ந்து மெலிந்தது. அந்தக் கெரிப் பசுவைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நூலார் ‘ஏழையின் பசு’ என்று குறித்தனர். ஏழைக்கு ஏன் சிறிய பசு வாய்த்தது என்பதை அவர்கள் அதிகம் ஆராயவில்லை. நாம் ஆராய்வோம்.

பதினேழாம் நூற்றாண்டின் படையெடுப்புகளும் பறிமுதல்களும் அயர்லாந்தின் காணியை அந்நாட்டு மக்களிடமிருந்து பிடுங்கி ஆங்கிலப் பிரபுக்களுக்கும் படைவீரருக்கும் பங்கிட்டன. எஞ்சியதை 1704ஆம் ஆண்டுச் சட்டம் கவனித்துக்கொண்டது. கத்தோலிக்கர் ஒருவர் இறந்தால் அவரது காணி ஆண்மக்கள் அனைவருக்கும் சமமாகப் பிரிக்கப்பட வேண்டும். மூத்த மகன் ஆட்சியாளரின் சமயத்தைத் தழுவினால் முழுவதும் அவனுக்கே. சமத்துவம் என்னும் பெயரில் இத்தனை நயவஞ்சகமான சட்டம் பிறிதொன்று உண்டோ தெரியாது! அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், நாட்டின் பெரும்பான்மையோரான கத்தோலிக்கரின் உடைமையாக இருந்தது மொத்தக் காணியில் ஏறத்தாழ 5 வீதமே.

உடைமை இழந்தோர் தம் பாட்டன் உழுத நிலத்திலேயே குத்தகைக் குடிகளாயினர். பிரபு பெரும்பாலும் இலண்டனில் இருப்பார். அவரிடம் மொத்தமாகக் குத்தகை எடுத்த இடைத்தரகன் அதைக் கூறுபோட்டுக் கொடுப்பான். குடியானவன் தனக்குக் கிடைத்த துண்டைத் தன் மக்களுக்கு மீண்டும் கூறுபோடுவான். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட நிலங்களுள் ஏறத்தாழ 45 வீதம் ஐந்து ஏக்கரைத் தாண்டாதவை. அந்த ஐந்து ஏக்கருக்கும் இடமின்றிக் கூலியாய் வாழ்ந்தோர் வேறு.

இந்த நிலத்தில் என்ன மாடு வளரும்? மலைச்சரிவின் பொது மேய்ச்சலில் ஒவ்வொரு குடிக்கும் இத்தனை மாட்டுப் புல் என்று உரிமை அளக்கப்பட்டிருந்தது. ஒரு பசுவுக்குரிய அளவை ‘கொல்லொப்’ என்றனர். நெட்டுயரமான ஆங்கிலப் பசு அங்கு ஏறினால் பட்டினியால் மெலியும். பாறையிடுக்கிலும் சதுப்பிலும் முளைக்கும் சொரசொரத்த புல்லைத் தின்று, மழையைத் தாங்கி, கன்றும் ஈன்று பாலும் தரக்கூடிய சிறிய உடம்பே பிழைத்தது. குளிர்காலத்திற் பசுவுக்குத் தனிக் கொட்டில் கட்ட வசதியற்றோர் தம் ஒற்றை அறை வீட்டின் பள்ளமான கோடியில் அதைக் கட்டினர். மேற்கோடியில் அடுப்பும் குழந்தைகளும். பசுவின் உடற்சூடு வீட்டுக்கும் உதவிற்று. இதைக் கண்ட பயணிகள் அருவருப்புடன் எழுதிவைத்தனர். அந்தக் குடும்பத்தின் உயிர் எந்தக் கயிற்றில் தொங்கிற்று என்பதை அவர்கள் கண்டிலர்.

பசுவின் பாலைக் குடித்தவர் யார்? இங்கேதான் கதையின் உயிர்நாடி இருக்கிறது. பாலாடையைக் கடைந்து எடுத்த வெண்ணெயை அவர்கள் உண்ணவில்லை. அது குத்தகைப் பணம். மரப்பீப்பாய்களில் அடைத்து மலைப்பாதைகளின் வழியே கோர்க் நகரத்துக்குக் கொண்டுசென்றனர். 1770ஐ ஒட்டி அங்கு ஒழுங்குபடுத்தப்பட்ட வெண்ணெய்ச் சந்தை அடுத்த நூற்றாண்டில் உலகிலேயே பெரியதாக வளர்ந்தது. தரம் பிரித்து முத்திரையிடப்பட்ட பீப்பாய்கள் இங்கிலாந்துக்கும், அடிமைத் தோட்டங்கள் நிறைந்த மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேறின. கடைந்தவருக்கு மிஞ்சியது மோர். உருளைக்கிழங்கும் மோரும் என்பதே அயர்லாந்தின் ஏழை உணவாகப் புகழ்பெற்றது. அந்த உணவின் மறுபாதி பிறர் மேசையில் இருந்ததென்பதை ஏனோ பலர் சொல்வதில்லை.

பெயருக்கு வருவோம். ரிப்பறரி மாவட்டத்தில் ஹவார்டன் பிரபுவின் காணிகளை நிருவகித்த டெக்ஸ்ரர் என்னும் காரியஸ்தர் மலைநாட்டு மாடுகளுள் நல்லவற்றைத் தெரிந்தெடுத்து இவ்வினத்தை ஆக்கினார் என்று, எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பேராசிரியர் டேவிட் லோ 1840களில் எழுதினார். அவரும் அதைக் கேள்விப்பட்ட செய்தியாகவே எழுதினார். டெக்ஸ்ரர் தெரிந்தெடுத்திருக்கலாம், ஆயின், தெரிந்தெடுப்பதற்கு நல்ல மாடுகள் மலையில் நின்றன அன்றோ? எந்தப் பசுவின் கன்றை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்த பெண்களின் பெயரை எவரும் கேட்கவில்லை. குத்தகை வசூலித்தவரின் பெயர் பசுவின்மேல் ஒட்டிக்கொண்டது.

அயர்லாந்தின் காரியஸ்தர் இன்னொருவரின் பெயரும் உலகில் நிலைத்தது. மாயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் காணிகளுக்குக் காரியஸ்தராயிருந்த சார்ள்ஸ் பாய்கொட், குத்தகைக் குறைப்புக் கேட்ட குடிகளை வெளியேற்ற முனைந்தபோது, 1880இல் ஊர் முழுவதும் அவரை விலக்கிவைத்தது. அறுவடைக்கு ஆளில்லை, கடையிற் சாமானில்லை. அவர் பெயரே ஆங்கிலத்திற் பகிஷ்கரிப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணத்து இளைஞர் பகிஷ்கரித்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் வழங்கிய சொல்லும் அதுவே. முதற் பெயரைச் சூட்டியோர் கனவான்கள். இரண்டாவதைச் சூட்டியோர் குடியானவர்.

இவ்விரு பெயர்களுக்கும் இடையே பெரும் பஞ்சம் கிடக்கிறது. 1845இல் உருளைக்கிழங்கை நோய் தாக்கிற்று. பத்து இலட்சம் பேர் வரை மாண்டனர். அதற்குக் குறையாதோர் கடல்கடந்தனர். வெண்ணெயோ தொடர்ந்து கப்பலேறிற்று. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போருக்கு நிவாரணம் இல்லை என்று 1847இற் சட்டம் பிறந்தது. பசுவை விற்றவன் அடுத்து நிலத்தைக் கைவிட்டான். 1841இல் ஏறத்தாழ 82 இலட்சமாயிருந்த மக்கள் தொகை 1851இல் 65 இலட்சமாயிற்று; அதே பத்தாண்டில் மாடுகளின் தொகையோ 19 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக ஏறிற்று. ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரையான நிலங்கள் மூன்று இலட்சத்துக்கு மேலிருந்தவை தொண்ணூறாயிரத்துக்கும் குறைந்தன. பெருகிய மாடுகள் ஏழையின் பசுக்கள் அல்ல. குடிசைகளை இடித்துப் பெருக்கிய மேய்ச்சல் வெளிகளில், இங்கிலாந்தின் இறைச்சிச் சந்தைக்காகக் கொழுத்தவை. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் அயர்லாந்துக்கென ஒரு பகுதியை ஒதுக்கிப் புள்ளிவிவரப் பட்டியல்களை அடுக்கியது காரணமின்றி அன்று.

சிறுகுடியானவன் அருகிய பின்னரே அவனுடைய சிறு பசு கனவான்களின் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிற்று. 1882இல் டெக்ஸ்ரர் மாடுகள் இங்கிலாந்துக்குச் சென்றன. 1890இல் டப்ளினில் இனப்பதிவேடு வெளிவந்தது. 1892இல் இங்கிலாந்தில் இதற்கெனச் சங்கம் தோன்றிற்று. மாளிகைப் புல்வெளிகளில் அது அலங்காரமாய் மேய்ந்தது. கண்காட்சியிற் பரிசு நாடியோர், கால் குறுகக் குறுக அழகென்று கருதி, குறுங்காற் காளையைக் குறுங்காற் பசுவுடன் சேர்த்தனர். அப்போது ஒரு விபரீதம் அடிக்கடி தலைகாட்டிற்று: மாதம் நிரம்பாமலே, தட்டையான முகமும் வீங்கிய தலையும் மொட்டைக் கால்களுமாகச் செத்த கன்று விழும். ‘புல்டோக்’ கன்று என்றனர். கன்றை மட்டுமன்றித் தாயையும் சில வேளை இழக்க நேர்ந்தது.

இதன் மர்மத்தை மெண்டலின் விதிகளைக் கொண்டு 1909இல் டப்ளினில் ஜேம்ஸ் வில்சன் விளக்க முற்பட்டார். குறுங்கால் என்பது நிலையான இனப்பண்பு அன்று. அதற்குரிய பரம்பரைக் கூறு பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கால் குறுகும். இருவரிடமிருந்தும் வந்தால் கன்று பிழையாது. ஆகவே குறுங்கால் இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நான்கு கன்றில் இரண்டு குறுங்கால், ஒன்று நெடுங்கால், ஒன்று பிணம். எத்தனை தலைமுறை முயன்றாலும் குறுங்கால் மட்டுமே கொண்ட மந்தையை ஆக்க இயலாது. குருத்தெலும்பை ஆக்கும் பொருளொன்றின் பரம்பரைக் கூற்றில் உள்ள பிழையே இதற்குக் காரணம் என்று 2007இல் விஞ்ஞானிகள் இனங்கண்டனர். இன்று வால்மயிர் சிலவற்றைச் சோதித்தே, எந்தக் காளையை எந்தப் பசுவுடன் சேர்க்கலாகாதென்று அறியலாம். விஞ்ஞானம் கன்றுகளைக் காத்தது. பரிசுப் பதக்கம் காக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அருகிப்போன டெக்ஸ்ரர், 1970களின் பின் மீண்டும் பெருகிற்று. நகர வாழ்வில் அலுத்து ஐந்தாறு ஏக்கர் வாங்கிய இங்கிலாந்தினரும் அமெரிக்கரும் அதை நாடினர். அவர்களை நான் பழிக்கவில்லை. குறைந்த தீனி, மிதிபட்டுச் சேறாகாத நிலம், ஒரு வீட்டுக்குப் போதிய பால், தம்மால் அடக்கக்கூடிய சாதுவான மிருகம்—இவை யாவும் உண்மையான நன்மைகளே. ஆனால் சிறிய நிலத்துக்குச் சிறிய மாடே இயற்கை தந்த பொருத்தம் என்று சிலர் எழுதும்போது எனக்குப் பொறுக்கவில்லை. நிலத்தைச் சிறிதாக்கியது இயற்கையா? இன்றும் பல நாடுகளில், காணிப் பங்கீட்டைக் கேட்கும் விவசாயிக்குப் புதிய விதையும் சிறிய கால்நடையும் கொடுத்து ஆறுதல் கூறும் திட்டங்கள் உண்டு. அயர்லாந்துக் குடியானவனிடம் அந்தச் சிறிய பசு ஏற்கெனவே இருந்தது. பஞ்சத்தில் அது அவனைக் காக்கவில்லை.

அவன் கேட்டது வேறு. 1879இல் தோன்றிய காணிச் சங்கத்தின் போராட்டமும், அதன் பின்வந்த காணிச் சட்டங்களும், குறிப்பாக 1903ஆம் ஆண்டுச் சட்டமும், குத்தகை நிலங்களைப் படிப்படியாகக் குடிகளின் உடைமையாக்க வழிசெய்தன. எனினும் பஞ்சத்துக்குப் பின் வளைக்கப்பட்ட பெரும் மேய்ச்சல் வெளிகள் பல அப்படியே கிடந்தன. 1906 அக்டோபரில் வெஸ்ற்மீத் மாவட்டத்துக் கூட்டமொன்றில், பாராளுமன்ற உறுப்பினர் லோறன்ஸ் ஜினல் என்பார் மக்கள் முன் ஒரு வழியை வைத்தார். துப்பாக்கி வேண்டியதில்லை, ஹேசல் மரத்துக் கம்பு போதும் என்பதே அதன் சாரம். அடுத்த மூன்றாண்டுகளில் மாவட்டம் மாவட்டமாக, இரவில், சிறு நிலத்தாரும் நிலமற்றோரும் கையில் அந்தக் கம்புடன் வேலி கடந்தனர். எந்த மாட்டையும் கொல்லவில்லை, திருடவில்லை. கொழுத்த மாடுகளை வெளியே சாய்த்து, ‘போஹர்’ வழியே மைல்கணக்காக ஓட்டிச்சென்று, தெருவிலேயே விட்டுவிட்டு, விடியுமுன் வீடு திரும்பினர்.